ஹால் நிறைந்த மூன்று மாலைகள்

முதியவர்களுக்குப் பந்து எறிந்து பிடிக்கும் விளையாட்டு வைப்பதாக இருந்தால், பந்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டும். நிறையக் காற்றடித்த பந்து கையில் பட்டுத் தெறித்து ஓடிவிடும். அதைத் துரத்திப் பிடிக்க அங்கே யாருக்கும் முழங்கால் கிடையாது. காற்றுக் குறைந்த பந்து மடியில் விழுந்தால் மடியிலேயே கிடக்கும். பிடித்துவிட்டோம் என்று அவர்களுக்கும் ஒரு திருப்தி. இதையெல்லாம் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவதில்லை. நானாகக் கண்டுபிடித்துக்கொண்டதுதான்.

ஆதிரா மேடம், எனக்கு எந்தப் பாஷை வசதியோ அதில் சொல்லலாம் என்று நீங்கள் சொன்னதால் தமிழிலேயே சொல்கிறேன். என் பெயர் பத்மஜா. கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். பெண்கள் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். பாடம் நடத்தியதைவிட நான் ஆண்டுவிழா நடத்தியதுதான் அதிகம். எந்தக் குழந்தை எங்கே நிற்க வேண்டும், எந்தக் குழந்தையை நிற்கவே விடக்கூடாது என்பதெல்லாம் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். என் மேடையில் திரை ஒருநாளும் தாமதமாக விலகியதில்லை.

அந்தத் திறமையை வீணாக்க வேண்டாமே என்றுதான் பொன்னந்தியில் சேர்ந்தேன். பேரூர்க்கடை தாண்டி நெடுமங்காடு போகும் பாதையில் இருக்கும் முதியோர் இல்லம். நீங்களும் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். வாசலில் மாமரம், உள்ளே நீள வராந்தா, இரண்டு பக்கமும் அறைகள், நடுவில் பெரிய ஹால். என் பதவி ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி, பிறகு ஞாபக விளையாட்டு, சாயங்காலம் பஜனையோ பழைய பாட்டோ. ஓணத்துக்குப் பூக்களம், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம். எல்லாவற்றையும் நான்தான் திட்டமிட்டு நடத்தினேன். டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒரு குறைதான். யாரும் வருவதில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. ஹாலில் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்து, பூச்சட்டியைக்கூட ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். நாகலக்ஷ்மி மாமி வருவார். அவர் எதற்குக் கூப்பிட்டாலும் வருவார், காது குத்தக் கூப்பிட்டாலும் வருவார். பின்னாலேயே சுசீலாபாய் வருவார். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். இப்போது எந்த வேளையில் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குக் கொஞ்சம் குழம்பும். ஹாலுக்கு வந்தால் வகுப்புக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் தங்கள் அறைகளில் கட்டிலோரம் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மதில்சுவர்தான். அதில் என்ன இருக்கிறது என்று நானும் ஒருநாள் நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இல்லத்தை நடத்தும் மஹேஷ் நல்ல பையன். கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் ஒருநாள் தன் போனைக் காட்டினான்.

"சேச்சி, இதைப் பாருங்கோ. ஓணம் போட்டோ, யோகா தினம் போட்டோ, சுதந்திர தினம் போட்டோ. எல்லாத்திலும் அதே மாமி, அதே சுசீலாபாய். இங்கே ரெண்டு பேர்தான் இருக்காங்களான்னு துபாயிலேருந்து நமக்கு நன்கொடை அனுப்பற ஒருத்தர் கேக்கிறார்."

நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் என் வாழ்க்கையில் காலி நாற்காலிக்கு முன்னால் நின்று நான் பேசியதில்லை, மேடம். அது ஒரு மாதிரி உடம்புக்குள் இறங்கும். உங்களுக்கு அந்த அனுபவம் இருக்காது. நீங்கள் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது.

சுற்றுலா கூட்டிப்போனால் சரியாகும் என்று நினைத்தேன். வேன் ஏற்பாடு செய்து, பொன்முடி அடிவாரத்தில் கல்லாறு வரை போய் ஆற்றில் கால் நனைத்துவிட்டு வருவதாகத் திட்டம். மிகவும் கெஞ்சி, கொஞ்சம் மிரட்டி, பாதிப்பேரை ஏற்றிவிட்டேன். நெடுமங்காடு தாண்டுவதற்குள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மைக்கில் நான் சொன்ன வழிக்காட்சிகளை டிரைவர் மட்டும் கேட்டுக்கொண்டு வந்தான். விதுராவில் கடைத்தெருவில் வேன் நின்றது. எதிரே ஒரு சவ ஊர்வலம்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். பின்சீட்டில் வாய் திறந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். யாராம், எத்தனை வயசாம், மாரடைப்பா, சர்க்கரையா, மகன்கள் வந்துவிட்டார்களா. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் ஜன்னலைத் திறந்து தெருவில் நின்றவரிடம் விசாரித்தே விட்டார். தன்னைவிட இளையவர் என்று தெரிந்ததும் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கல்லாற்றில் ஒருவரும் இறங்கவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சு, பேச்சு, பேச்சு. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கஞ்சி மிச்சமாகவில்லை.

நான் அதை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு டீச்சருக்கு எதையும் கவனிக்கும் பழக்கம் உண்டு.

அடுத்த மாதம் முத்தாரம்மாள் இறந்துபோனார். அதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தூக்கத்திலேயே போனார், டாக்டர் பார்த்தார், நீங்களும் விசாரித்துவிட்டீர்கள். சாகும்வரை என் நிகழ்ச்சி எதற்கும் வராதவர். இறந்த மூன்றாம் நாள் ஹாலில் ஓர் அனுதாபக் கூட்டம் வைத்தேன். படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, ஒரு பாட்டு, நாலு வார்த்தை. இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்து இரண்டு வரிசைதான் நாற்காலி போட்டிருந்தேன்.

எல்லோரும் வந்தார்கள், மேடம். வாக்கரைத் தள்ளிக்கொண்டு, சக்கர நாற்காலியில், சுவரைப் பிடித்துக்கொண்டு. ஆண்கள் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து ஸ்டூல்களை எடுத்துவந்து போட வேண்டியிருந்தது. பேச மாட்டேன் என்று அடம் பிடிப்பவர்கள் மைக்கைக் கேட்டு வாங்கினார்கள். முத்தாரம்மாளோடு ஒரு வார்த்தை பேசியிராதவர்கள் அவரைப் பற்றி அப்படிப் பேசினார்கள். நான் கடைசியில் பேசினேன். நான் பேசும்போது ஒருவரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நாகலக்ஷ்மி மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்னா இருந்ததுடி பத்மஜா. எல்லாரையும் ஒண்ணாப் பாத்தது எவ்வளவு நாளாச்சு. அடுத்தது எப்போ?"

இதை நான் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. மாமிக்கு என்ன கேட்டோம் என்பதே தெரியாது. ஆனால் கேட்டது அவர்தான். நிகழ்ச்சி நடத்துகிறவள் பார்வையாளர்களின் விருப்பத்தைக் காதில் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்கப்புறம் யாரும் சாகவில்லை. இடவப்பாதி மழை, அந்தத் தென்மேற்குப் பருவமழை, முழுக்கப் பெய்து ஓய்ந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் காய்ச்சல், பொன்னந்தியில் ஒருவருக்குத் தும்மல்கூட இல்லை. நர்ஸ் பிரிஸில்லா அவ்வளவு கெட்டிக்காரி. நாகர்கோவில் பக்கத்துப் பெண். மாத்திரை வேளை தவறாமல் கொடுப்பாள், மூச்சு ஏறி இறங்குவதை வாசலில் நின்றே கேட்டுவிடுவாள். அவளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஹால் மறுபடி காலியாகிவிட்டது. மாமி, சுசீலாபாய், நான்.

வெங்கடசுப்ரமணியன் மாமாவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். செக்ரட்டேரியட்டில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. மரியாதையான மனிதர், மரியாதையாகவே எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்.

"நேக்கு இதெல்லாம் வேண்டாம்மா. நான் ஆயுசு பூரா மீட்டிங்லயே உக்காந்தவன். இப்போ கொஞ்சம் சும்மா உக்காந்துக்கறேனே."

சும்மா உட்காருவது ஒரு நடவடிக்கை ஆகாது என்று நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

அன்று இல்லத்துக்குப் பண உதவி செய்யும் டிரஸ்டிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ஹாலில் குழுப் பாட்டு. மஹேஷ் கெஞ்சியதால் வழக்கத்தைவிட நாலு பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமாவையும் அழைத்து வரலாம் என்று அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் முழுக்க வேர்வை. கை நெஞ்சின் மேல் இருந்தது.

"பிரிஸில்லாவைக் கூப்பிடும்மா," என்றார்.

பிரிஸில்லா ஹாலில், கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளை நான் கூப்பிட்டால் அவள் ஓடிவருவாள். அவள் ஓடினால் பாட்டு நின்றுபோகும், விருந்தினர்கள் எழுந்திருப்பார்கள், சக்கர நாற்காலிகள் எல்லாம் திரும்பும். ஒருதடவை கலைந்த கூட்டத்தைத் திரும்ப உட்கார வைக்க முடியாது. இது யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

"இதோ மாமா, இந்தப் பாட்டு முடியட்டும்," என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். கதவைச் சாத்தியது பாட்டுச் சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்றுதான்.

அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று யாரோ எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அது தப்பு. நான் கடைசிவரை கூடவே இருந்தேன். அவருக்கு நினைவு இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றியதால், "மாமா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கீர்த்தனம் எது?" என்று கேட்டேன்.

"பிரிஸில்லா," என்றார்.

அது கீர்த்தனம் இல்லை. நான் மறுபடி கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். கடைசியில் நானாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

ஹாலில் பாட்டு முடிந்தது, அதற்கடுத்த பாட்டும் முடிந்தது, விருந்தினர்கள் கைதட்டினார்கள். அதன்பின் போய்ப் பிரிஸில்லாவிடம் சொன்னேன், மாமாவைப் பார்க்கப் போனேன், அசைவில்லாமல் கிடக்கிறார் என்று. அவள் ஓடினாள். இந்தமுறை ஓடலாம், நிகழ்ச்சி முடிந்திருந்தது.

மாமாவின் அனுதாபக் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் முன்கூட்டியே தருவித்திருந்தேன். அவர் தெருக்காரர்கள், பழைய ஆபீஸ் ஆட்கள் எல்லாம் வந்தார்கள். மஹேஷ் வீடியோ எடுத்து அனுப்பினான். துபாய்க்காரர்கூடப் பாராட்டி எழுதினார். இங்கே வாழ்க்கை உயிர்ப்போடு இருக்கிறது என்று அவர் எழுதியிருந்ததை மஹேஷ் எனக்கு வாசித்துக் காட்டினான். அந்த வாரம் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள், இரத்த அழுத்தம்கூடக் குறைந்திருந்தது. பிரிஸில்லாவே சொன்னாள். நம் வேலையை நாமே பேசக்கூடாது.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாக இருந்தது. இவ்வளவு நல்ல நிகழ்ச்சி இப்படித் தற்செயலாக அமைகிறதே என்பதுதான். ஆண்டுவிழாவை யாராவது தற்செயலுக்கு விடுவார்களா? ஒத்திகை வேண்டாமா? யார் முதலில் பேசுவது, யார் பாடுவது என்பதெல்லாம் அவசரத்தில் முடிவு செய்தால் எப்படி இருக்கும்? மாமாவின் கூட்டத்தில் சுசீலாபாய் பாட்டின் நடுவில் வரியை மறந்து நின்றுவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் கண்டுகொண்டேன்.

அடுத்ததை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்தேன். தங்கப்பன் அண்ணாச்சியை எடுத்துக்கொண்டேன்.

ஏன் அவர் என்று கேட்டீர்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்து நடத்தியவர். ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய் இங்கே வந்தார். சாப்பாடு தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். என் நிகழ்ச்சிகளுக்கு வந்ததே இல்லை. ஒருதடவை நானே போய் அவர் மடியில் பந்தை வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சரே, இதுல காத்தே இல்லையே. இதை எவனாக்கும் உங்க தலையில கட்டினது?" என்று கேட்டார். வியாபாரி புத்தி. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தோடு அவர் மகன் கிரீஷ் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். குடும்பத்தார் முன்வரிசையில் இல்லாத அனுதாபக் கூட்டம் எடுபடாது. அவன் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறான் என்று தெரிந்தது. அவன் இருக்கும்போதே நடந்தால் பாவம், மறுபடி லீவு கேட்டு அலைய வேண்டியதில்லையே என்றுகூட நான் யோசித்தேன். இதையெல்லாம் யார் யோசிப்பார்கள், சொல்லுங்கள்.

சுசீலாபாய்க்குப் பேச்சு எழுதிக் கொடுத்து என் அறையில் தினமும் பயிற்சி கொடுத்தேன். அவருக்கு மனப்பாடம் ஆக நாளாகும். யாரைப் பற்றி, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டாலும் மறந்துவிடுவார் என்றுதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் எப்போது பேச வேண்டும் என்பதையும் மறந்துவிடுவார் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. அது என்னுடைய பிழை. ஒத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை. எல்லோரும் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்கப்பன் அண்ணாச்சிக்கு மசித்த இட்லியை ஸ்பூனால் பிரிஸில்லா ஊட்டிக்கொண்டிருக்கிறாள். சுசீலாபாய் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் நிற்பதுபோல் நின்று ஆரம்பித்தார்.

"நம்மை விட்டுப் பிரிந்த தங்கப்பன் அண்ணாச்சி ஒரு தங்கமான மனிதர்."

பிரிஸில்லாவின் ஸ்பூன் அப்படியே நின்றது. நான் எழுந்திருப்பதற்குள் சுசீலாபாய் இரண்டாவது பத்திக்குப் போய்விட்டார். ஒரு ஏழைப்பெண்ணின் கல்யாணத்துக்கு அண்ணாச்சி தன் கடையிலிருந்து பெரிய உருளி ஒன்றைச் சும்மா கொடுத்த கதை. கிரீஷ் சொல்லி நான் சேர்த்தது. ஒரு வரிகூடத் தவறவில்லை. நல்ல ஏற்ற இறக்கம். நானே அசந்துவிட்டேன்.

அண்ணாச்சி வாயைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"சுசீலாபாய், எல்லாம் செரிதான். ஆனா அந்த உருளி ஓட்டையாக்கும். விக்காமக் கிடந்தது, அதான் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அதுல பாயசம் வச்சு, அடுப்பு அணைஞ்சு, கல்யாண வீட்ல ஒரே களேபரம்."

மேசை முழுக்கச் சிரித்தது. வருஷக்கணக்கில் சிரிக்காதவர்கள் சிரித்தார்கள். ஒருவர், என்னைப் பற்றியும் ஒரு பேச்சு பேசு, என் ஓட்டை என்னென்ன என்று நான் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் தன் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார். பலகார நேரம் மதியம்வரை நீண்டது. ஒருவரும் அறைக்குத் திரும்பவில்லை. அண்ணாச்சியின் ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. மற்றக் கண் வாதத்தில் போனது, அது அழாது.

மதியம் நான் அவர் அறைக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்ளே, அந்தப் பேச்சு உன் வேலையின்னு சுசீலாபாய் சொன்னா. என்னைப் பத்தி ஒருத்தரும் இந்நாள்வரைக்கும் இப்படிச் சொன்னதில்ல, கேட்டியா. பிள்ளைகள்கூட. இதை ஒவ்வொருத்தருக்கும் வச்சிரு. ஆளு உயிரோட உக்காந்து கேக்கட்டும். நான் தினமும் வாறேன்."

நான் இதைக் கேட்காமல் தள்ளிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சாயங்காலம்வரை யோசித்தேன். யோசனை கெட்டிக்கார யோசனைதான். ஆனால் நடைமுறையில் சரிவராது. உயிரோடு இருப்பவர் நடுவில் குறுக்கிடுவார். அது ஓட்டை உருளி என்பார். சொன்ன பேச்சை மாற்றச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். எங்கே நிறுத்துவது, யார் முடித்துவைப்பது என்று யாருக்கும் தெரியாது. அன்று காலையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, மேடம். பேச இடமே கிடைக்கவில்லை. நான் இருக்கிறேனா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதை ஒரு நிகழ்ச்சி என்று எப்படிச் சொல்வது? அது வெறும் அரட்டை.

கிரீஷ் போக இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் பேரூர்க்கடையில் பஸ் இறங்கியதும் டீக்கடையில் மாவில் முக்கிப் பொரித்த நேந்திரம்பழம், பழம்பொரி, சூடாக வாங்கினேன். மசித்த சோறும் மசித்த இட்லியும் தின்று அண்ணாச்சிக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. ஒரு முழுப் பழம்பொரி கடித்துத் தின்ன வேண்டும் என்று அவர் பிரிஸில்லாவிடம் கேட்டு அவள் மறுத்ததை நானே கேட்டிருக்கிறேன். பிரிஸில்லா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவர் அறைக்குப் போனேன். பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"மக்ளே, பிரிஸில்லா கண்டா கொன்னுப்போடுவா."

"அவளுக்குத் தெரியாது அண்ணாச்சி. மெதுவாச் சாப்பிடுங்கோ," என்றேன். மெதுவாக என்று நான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அழைப்பு மணியின் பொத்தான் கட்டிலில் அவருடைய நல்ல கைப்பக்கம் தொங்கும். எண்ணெய்க் கை பட்டு அழுக்காகிவிடுமே என்று அதை எடுத்து மறுபக்கம் போட்டேன். அந்தப் பக்கத்துக் கையை அவரால் தூக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அவர் முதல் வாய் கடித்தார். ருசித்தார். "ஏத்தம்பழம் நல்லாப் பழுத்ததாக்கும்," என்றார். இரண்டாவது வாய் பெரிதாகக் கடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மதில்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் வந்தது, பிறகு சத்தம் வரவில்லை. கேட்டதைக் கொடுத்தேன். பொன்னந்தியில் அவர் கேட்ட ஒன்றைக் கொடுத்தவள் நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம். கிரீஷ் பயணத்தைத் தள்ளி வைத்திருந்தான், அது நான் எதிர்பாராதது. அவன் முன்வரிசையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஹால் நிறைந்து வராந்தாவிலும் ஆட்கள். சுசீலாபாயைப் பேச அழைத்தேன். எழுந்து நின்றார். சேலையைச் சரிசெய்தார். எல்லோரையும் ஒருதடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இதை நான் அன்னிக்கே சொல்லிட்டேனே. அப்போ அவர் இங்கே உக்காந்து இட்லி சாப்பிட்டுண்டிருந்தாரே. அவர் சாகறதுக்கு முன்னாடியே எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கவனத்தை நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. பிரிஸில்லா சுவரோரத்திலிருந்து மெதுவாக நடந்து வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள். அண்ணாச்சியின் தலையணைக்கடியில் எண்ணெய்க் காகிதம் கிடைத்தது என்றும், மணிப் பொத்தான் இடம் மாறி இருந்தது என்றும், அவள் நடுங்கும் குரலில் சொன்னாள். அவளுக்கு மேடைப் பழக்கம் கிடையாது. மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்திருந்தாள். வேறு யாராவது என்றால் நான் திருத்தியிருப்பேன்.

அவ்வளவுதான். வெங்கடசுப்ரமணியன் மாமா கேட்டபோது நான் நர்ஸைக் கூப்பிடவில்லை. தங்கப்பன் அண்ணாச்சியை நான்தான் கொன்றேன். இரண்டுமே முழு நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், அவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. எனக்கென்று நான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பேசும் உரையைத் தவிர.

நேற்று நீங்கள் விசாரணைக்காக மறுபடி பொன்னந்திக்குப் போய்வந்ததாகச் சொன்னீர்கள். இப்போது அங்கே யாரும் அறைகளுக்குள் இருப்பதில்லை, கதவைச் சாத்திக்கொள்ளப் பயப்படுகிறார்கள், காலையிலேயே நாற்காலிகளை மாமரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருட்டும்வரை ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றீர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்களாம். என்னைப் பற்றித்தானாம். நான் வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்து அதைச் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. கூப்பிட ஆள் இல்லாமலே, மைக் இல்லாமலே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கத்தை யாரோ ஒருத்தி அவர்களுக்கு உண்டாக்கிக் கொடுத்திருக்கிறாள் அல்லவா.

ஆனால் எல்லோரும் என்றீர்களே, மேடம், அதில்தான் எனக்குச் சந்தேகம். எப்படியும் ஒருவராவது வராமல் அறையிலேயே இருந்திருப்பார். அது யார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.